மறந்துபோவதற்கு முன் எபிக்கு எழுதியது

அன்புள்ள எபி,

நில அலுவலகத்தில் வேலை பார்த்த நாளில், எவ்வளவு சிறிய அறிக்கையானாலும் முதலில் தலைப்புகளை எண் போட்டு எழுதிக்கொள்வேன். அப்படிச் செய்தால்தான் எனக்கு எழுத வரும். நீயும் அம்மாவும் அதைச் சொல்லிச் சிரிப்பீர்கள். இப்போது அந்தப் பழக்கத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே எதைச் சொல்ல வந்தேன் என்பது நழுவிவிடுகிறது. சீனப் புத்தாண்டு முடிந்ததும் நீயும் மருமகளும் பெர்த்துக்குப் புறப்படுகிறீர்கள். அதற்குள் இவற்றைச் சொல்லியாக வேண்டும்:

1. எனக்கு வந்திருக்கும் நோய்.
2. அந்தப் புத்தாண்டுக் காலையில் நான் தட்டை நீட்டிய விதம்.
3. ஆண்டவரை அறிவதைவிடப் பெரியது ஒன்றும் இல்லை என்பது.
4. அறிந்தவன் மறந்துவிட்டால் அந்த அறிவும் அவனோடு முடிந்துவிடும் என்பது. ஆகையால் எனக்கும் உனக்கும் நேரம் குறைவு என்பது.

வழி தப்பினால் இந்த இடத்துக்குத் திரும்பி வந்து பார்த்துக்கொள்வேன்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு காலையில் ரொட்டி வாங்கப் போனேன். புந்தோங்கில் நாற்பது வருஷமாக நடக்கிற தெருக்கள் உனக்குத் தெரியும். திரும்பும்போது எந்தச் சந்தில் நுழைய வேண்டும் என்று தெரியவில்லை. மறந்துவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த இடத்தை நான் முன்பு பார்த்ததே இல்லை என்று தோன்றியது. கடலையும் முறுக்கும் விற்கிற ஒரு கச்சான் பூத்தே கடை வாசலில் நின்றுகொண்டேன். கடைக்கார அம்மா, "அங்கிள், வீட்டுக்குப் போலயா?" என்று கேட்டார். யாருக்காகவோ காத்திருப்பதாகச் சொன்னேன். வெட்கம்தான் காரணம். வெகுநேரம் கழித்து, தூரத்தில் சுண்ணாம்புக் குன்றின் வெள்ளைப் பக்கம் கண்ணில் பட்டு, அதை வைத்துத் திசை பிடித்து வந்து சேர்ந்தேன். அம்மா கதவைத் திறந்தாள். "ரொட்டி எங்க?" என்றாள். வாங்கவில்லை என்றேன். "அப்ப இம்புட்டு நேரம் எதுக்குப் போனீங்க லா, காத்து வாங்கவா?" என்றாள். நானும் சிரித்துவைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னப் பெண். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டத்தை நன்றாகவே வரைந்தேன், எண்களையும் ஒழுங்காக எழுதினேன். பதினொன்று பத்து என்று காட்ட முட்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். "வட்டம் ரொம்ப அழகா இருக்கு அங்கிள்," என்றார் அவர். அந்தக் கனிவைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஞாபகம் மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும், மாத்திரை கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான் என்றார். உனக்குச் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் விசுவாசப் பிரமாணத்தை வழக்கம்போல நான் சொல்லி நடத்தும்போது, பாதியில் அடுத்த சொல் வரவில்லை. சபையார் நிறுத்தாமல் சொல்லி முடித்தார்கள். பேருந்து என்னை இறக்கிவிட்டுப் போனது போல இருந்தது. முதல் தலைப்பு இவ்வளவுதான்.

இரண்டாவதை எழுதக் கடினமாக இருக்கிறது. நம் இருவருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் ஒருநாளும் பேசியதில்லை. நம் சபையில் ஜனவரி முதல் தேதிப் புத்தாண்டு ஆராதனையின் முடிவில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்துக் கொண்டுவருவார்கள். ஆளுக்கு ஒன்று எடுப்போம். அதில் இருக்கிற வசனம் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று கொடுத்தது என்று வீட்டில் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைப்போம். அட்டைகளைத் தட்டச்சு செய்து, வெட்டி, கலைத்து வைப்பது சபைச் செயலாளரான என் வேலை. நீ பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தை முடித்திருந்தாய். இன்ஜினியரிங் படிப்புக்கு எழுதிப் போட வேண்டிய நேரம். உனக்கோ வேதாகமக் கல்லூரிக்குப் போய் ஊழியத்தில் சேர வேண்டும் என்று ஆசை. முடிவெடுக்க முடியாமல் என்னிடம் வந்தாய். "புத்தாண்டு அட்டைல ஆண்டவர் என்ன சொல்றாரோ அதச் செய்றேன்ப்பா," என்றாய். அட்டை அடிக்கிறவனிடமே வந்து சொன்னாய். அந்த அளவுக்கு என்னை நம்பினாய்.

நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். கையின் உழைப்பை ஆண்டவர் ஆசீர்வதிப்பார் என்ற பொருளில் ஒரு வசனம். அதையே நாலைந்து அட்டைகளில் அடித்தேன். உன் வரிசை வந்தபோது மூப்பர் கையிலிருந்து தட்டை நானே வாங்கி, அந்த அட்டைகளை முன்னால் தள்ளி நீட்டினேன். உனக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். உன்னோடு உட்கார்ந்திருந்த பையன்களும் முன்னால் இருந்ததையே எடுப்பார்கள் என்பது இவ்வளவு கவனமான மனிதனுக்குத் தோன்றவில்லை. பந்தியில் பிரியாணி பரிமாறும்போது உன் சிநேகிதன் டேனியல் உன் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தான். "டேய், எனக்கும் இதேதான் லா! இவனுக்கும் இதேதான்! ஆண்டவருக்கு இந்த வருஷம் வசனம் பத்தல போல!" என்றான். மேசையே சிரித்தது. அவன் என் பக்கம் திரும்பி, "அங்கிள், எனக்கு வேற மாத்திக் குடுங்க. உழைக்கச் சொல்றாரு, எனக்கு அதுதான் ஆகாது," என்றான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்ததும் கேட்டாய்: "அப்பா, அது ஆண்டவர் சொன்னதா, நீங்க சொன்னதா?" தட்டச்சில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிப்பா," என்றாய். அந்த வாரமே இன்ஜினியரிங்குக்கு எழுதிப் போட்டாய்.

இன்று உனக்குக் கமுந்திங் தொழிற்சாலையில் நல்ல வேலை, பெர்த்தில் அதைவிட நல்ல வேலை காத்திருக்கிறது. நான் ஆசைப்பட்டது எல்லாம் நடந்துவிட்டது. ஆனால் அதன் பிறகு நீ ஓர் அட்டையும் எடுத்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவாய், எங்களைக் கோயில் வாசலில் இறக்கிவிடுவாய், பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருப்பாய். அம்மா ஒருமுறை, "உள்ள வாய்யா, ஃபேன் இருக்கு," என்றாள். "கார்ல ஏர்கான் இருக்கும்மா," என்றாய். நான் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு நின்றேன். ஆண்டவருக்கு நிகராக எதுவும் இல்லை என்று ஆயுள் முழுவதும் பாடியவன் நான். என் மகன் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு நடக்கப் புறப்பட்டதும், அவனுடைய மாதச் சம்பளத்தை நினைத்துப் பயந்துவிட்டேன். பாட்டு வேறு, மகன் வேறு என்று இருந்துவிட்டேன். உன்னை அவரிடமிருந்து விலக்கியது அட்டை இல்லை, எபி. நான் அவரை நம்பவில்லை என்பதை அன்று நீ என் முகத்தில் பார்த்துவிட்டாய். அதுதான்.

அப்படிப்பட்டவன் மூன்றாவது தலைப்பை எழுதலாமா என்று நேற்றெல்லாம் யோசித்தேன். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. வேதாகமத்தில், சிறையிலிருந்து கடிதம் எழுதிய அப்போஸ்தலர் தன் குலம், படிப்பு, ஒழுக்கம் என்று தனக்குப் பெருமையாக இருந்ததையெல்லாம் நஷ்டம் என்று தள்ளினார்; கிறிஸ்துவை அறிகிற மேன்மைக்கு முன்னால் அவை குப்பை என்று எழுதினார். எனக்கும் ஒரு பெருமை இருந்தது. ஞாபகம். நில அலுவலகத்தில் கோப்பைத் திறக்கச் சோம்பல்பட்டவர்கள் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். பாட்டுகள் எண்ணோடு தெரியும், வசனங்கள் அதிகாரத்தோடு தெரியும். பயந்தாங்கொள்ளிக்கு அது ஒரு கேடயம். எல்லாம் தெரிந்தவனை யாரும் அதட்ட மாட்டார்கள். அப்போஸ்தலர் தன்னுடையதைத் தானாகத் தள்ளினார். என்னுடையதை நோய் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. நானாகத் தள்ளியிருக்கவே மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அவரைப் பற்றித் தெரிந்துகொள்வதும் அவரை அறிவதும் வேறு வேறு என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். உனக்கு நாலு வயது. டெங்கி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாய். மத்தியானம். உனக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மாவை மட்டும் உள்ளே விட்டிருந்தார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து ஜெபிக்கத் தொடங்கினேன். 'பிதாவே' என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சின்ன வயதிலிருந்து சொல்லும் ஜெபம். ஒரு சொல்லும் இல்லை. மறுபடி 'பிதாவே' என்றேன். படியில் ஒரு மலாய்க்கார அம்மா கூடையோடு ஏறிப் போனார், ஒதுங்கி வழிவிட்டேன், மறுபடி உட்கார்ந்தேன். அப்போதுதான் நான் தனியாக இல்லை என்று தெரிந்தது. யாரையோ பார்த்தேன், ஏதோ கேட்டது என்றெல்லாம் சொன்னால் பொய். நீ பிழைப்பாய் என்ற உறுதியும் கிடைக்கவில்லை. அவர் அங்கே இருந்தார், அவ்வளவுதான். நீ பிழைத்தாலும் செத்தாலும் அவர் அங்கே இருப்பார் என்பதும், அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை என்பதும் அந்தப் படியில் தெரிந்தது. என் ஆயுளில் நான் பயப்படாமல் இருந்த நேரம் என்று ஒன்று உண்டானால் அதுதான். அதற்குச் சமமாக வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வீடு இல்லை, பென்ஷன் இல்லை, உன் இன்ஜினியரிங் இல்லை. தப்பாக நினைக்காதே, நீகூட இல்லை. அதை வைத்திருந்தவன்தான் பல வருஷம் கழித்து அட்டைகளை ஒரே வசனமாக அடித்தான். மனிதன் அப்படித்தான் இருக்கிறான். அதனால் அது பொய்யாகிவிடாது.

நான்காவது. நான் பிறந்தது சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம் என்பது தெரியும். இப்போது அங்கே செம்பனை. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும். வேலைக்காரர்கள் களத்தில் வரிசையாக நிற்க, தண்டல் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பேர் வந்ததும் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் அங்கேயே நின்றாலும் இல்லாதவன்தான்; அன்றைக்கு வேலை கிடையாது. என் அப்பாவுக்கு ஒரு காது மந்தம். தன் பேர் தப்பிவிடுமோ என்று தண்டலின் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டிலும் அந்த முகம்தான் அவருக்கு. எனக்கு அவர் விட்டுப்போன சொத்து அந்தப் பயம். ஒரு நாள் என் பேரும் கூப்பிடப்படும். அன்றைக்கு என் பேரே எனக்குத் தெரியாமல் இருந்தால்? கூப்பிடுகிறவர் யாரென்று தெரியாமல், அந்தக் கடை வாசலில் நின்றது போல நின்றுகொண்டிருந்தால்? நான் அவரை அறிந்தேன் என்பது எங்கே இருக்கும்? கடிகாரத்தின் முட்கள் போன இடத்துக்கு அதுவும் போய்விடும்தானே? உனக்கோ காது நன்றாகக் கேட்கிறது. வேண்டுமென்றே குரல் கொடுக்காமல் காருக்குள் இருக்கிறாய். அப்பன் மறதியால், மகன் கோபத்தால், இருவருமே பெரட்டுக்கு இல்லாதவர்களாகிவிடுவோம் என்று பயப்படுகிறேன்.

ஆகவே கெஞ்சுகிறேன், எபி. நான் செய்ததற்கு என்மேல் கோபமாக இரு, அவரை விட்டுவிடாதே. நீ அடுத்த முறை விடுமுறைக்கு வரும்போது நான் உன்னிடம் இதைப் பேசக்கூடியவனாக இருக்க மாட்டேன். எனக்குத் தெரியும்போதே, உனக்கு நான் அப்பாவாகத் தெரியும்போதே, ஒரே ஒரு தடவை அவரை

மேலே உள்ள வாக்கியத்தை முடிக்கவில்லை. தொலைபேசி அடித்தது. அது நீ. இது நடந்தது நேற்று மத்தியானம். என் பக்கத்தில் என்ன நடந்தது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். நீ, "அப்பா, சாப்ட்டாச்சா?" என்றாய். குரல் பிரியமாக இருந்தது. யாரென்று தெரியவில்லை. "யார் பேசுறது?" என்றேன். நீ விளையாட்டென்று நினைத்து, "உங்க மவன்தான் லா," என்றாய். எனக்கு மகன் இருக்கிறான் என்பது தெரிந்தது. அவனுக்கு எழுதிய கடிதம் முழங்கைக்குக் கீழே கிடந்தது. ஆனால் அந்தக் குரலையும் அந்த மகனையும் ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை. "எந்த மகன்?" என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து, "யாரு அது? காது கேக்கலன்னா போன இங்க குடுங்க!" என்று கத்தினாள். நீ பேசாமல் இருந்ததைக் கேட்டபோது, பெரட்டில் நிற்கும் என் அப்பாவின் முகம் என் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது போல இருந்தது. உதடுகூடத் தெரியாத தண்டல். பதில் சொல்ல முடியாத நான்.

பிறகு நீ சொன்னாய்: "எபிப்பா. நான் எபி. நீங்க யோசிக்காதீங்க. அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க." மறுபடி, "நீங்க மறந்துட்டா நான் உங்க மவன் இல்லாம போயிடுவேனா? நான் யாருன்னு எனக்குத் தெரியும், நீங்க யாருன்னும் எனக்குத் தெரியும். அது போதும்ப்பா. இப்ப சொல்லுங்க, சாப்ட்டீங்களா?" என்றாய். மீன் குழம்பு என்றேன். என்ன மீன் என்றாய். தெரியவில்லை என்றேன். "அதுவும் பரவால்ல," என்று சிரித்தாய். அதற்குள் நீ எபி ஆகிவிட்டாய். போனை வைத்துவிட்டு, அம்மா பார்க்காத பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

இன்று காலை இந்தக் கடிதத்தை முதலிலிருந்து படித்தேன். நான்காவது தலைப்பு தவறு. நான் அவரை மறந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று எழுதியது தவறு. மூன்றாவதை எழுதும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மாடிப்படியில் என்னிடம் ஒரு சொல்லும் இல்லை, ஞாபகம் ஒன்றும் உதவவில்லை, ஆனாலும் அவர் இருந்தார். அன்று நான் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அவர் என்னை அறிந்திருந்தார், நான் அதை அறிந்தேன், அவ்வளவுதான் நடந்தது. ஆண்டவரை இத்தனை வருஷம் தோட்டத்துத் தண்டலாகவே வைத்திருந்திருக்கிறேன். பதில் வரவில்லை என்றதும் அடுத்த பேருக்குப் போகிறவராக. நேற்று நீ அடுத்த பேருக்குப் போகவில்லை. ஆண்டவர் உன்னைவிடக் குறைந்தவராக இருக்க முடியாது. உன் விஷயத்திலும் நான் தவறாகத்தான் எழுதியிருக்கிறேன். நீ அவரை விட்டு இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்று கணக்குப் பார்த்தேனே தவிர, அவர் உன்னை விட்டாரா என்று ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை. அந்தக் காருக்குள் நீ தனியாகத்தான் இருந்தாய் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

மூன்றாவதைத் திரும்பப் பெறவில்லை. அதற்காக இன்னும் கெஞ்சுகிறேன். வரும் புத்தாண்டு ஆராதனைக்கு நீ இங்கேதான் இருப்பாய். அட்டை அடிக்கிற வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். தட்டின் பக்கமே போக மாட்டேன். உள்ளே வந்தால் வா. வராவிட்டால், ஏர்கானைப் போட்டுக்கொண்டு உட்கார். நான் முன்பு போல ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

இன்னும் ஒரே ஒரு காரியம். இன்று காலை எனக்கு விளங்கியதும் போய்விடும். டாக்டர் சொன்னதைப் பார்த்தால் ஞாபகம் போகும், பயம்தான் கடைசிவரை இருக்கும் போலிருக்கிறது. நான் மறுபடியும் பேர் கூப்பிடுகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ பெர்த்திலிருந்து கூப்பிடும்போது நான் "யார் பேசுறது?" என்று கேட்டால், உன் பேரைச் சொல். பிறகு, நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும், எனக்காக இதையும் சொல்: "நாலாவது தப்புப்பா. நீங்களே எழுதியிருக்கீங்க." நான் வாதாடினால் திரும்பவும் சொல்.

உன் அப்பா